குதிரையண்ணன் செத்த காட்சி

— உள்ள போய் உக்காருங்க குதிரையண்ணே. உங்க சாவை நீங்களே பாக்கலேன்னா எப்படி?

— வேணாம் தங்கச்சி. இந்தக் கதவோரமே நிக்கிறேன். காதுல விழுந்தா போதும்.

— தொப்பியும் துப்பாக்கியுமா எத்தனை வெளிநாட்டுப் படம் தமிழுக்கு வந்திருக்கு. இருபது வருஷமா அத்தனைக்கும் குதிரையாக் கனைச்ச ஆளு நீங்க. இந்தப் படத்துலதான் குதிரை மேல உக்காந்திருக்கிறவனுக்குப் பேசியிருக்கீங்க. நெஞ்சை நிமித்தி நிக்கவேணாமா?

— குதிரைக்கு வசனம் கிடையாதும்மா, தப்பாப் பேச வழியே இல்ல. வந்த ஒரே வாய்ப்பை வாயாலயே கெடுத்துக்கிட்டேன்.

— ஒரு வார்த்தை மாறிப்போச்சு. அவ்வளவுதானே?

— அவ்வளவுதானா? மார்ல மூணு குண்டு. கூட்டாளி மடியில தலை. தாள்ல என்ன எழுதியிருந்துச்சு? 'நான் போறேன் நண்பா.' நான் என்ன சொன்னேன்? 'போயிட்டு வரேன் நண்பா.' சாகப்போறவன் எங்க போயிட்டு வருவான், கடைக்கா?

— ஏண்ணே அப்படி வந்துச்சு?

— எங்கம்மா வளர்ப்பு. 'போறேன்'னு சொல்லிட்டுக் கிளம்பினா, தெருமுனையிலேருந்து திரும்பக் கூப்பிட்டு, 'போயிட்டு வரேன்'னு சொல்லவெச்சுத்தான் விடும். நாக்கு பழகிப்போச்சு.

— அப்புறம் திருத்திப் பேசினீங்கல்ல?

— பேசி என்ன பிரயோஜனம்? நான் வீட்டுக்குப் போனப்புறம் கரண்டு போயி, திருத்தினது மட்டும் அழிஞ்சுபோச்சுன்னு நீதானே சொன்னே. இன்னிக்கு வெள்ளோட்டத்துக்குள்ள மறுபடி பேச நேரமும் இல்ல. முதலாளி உன்னையும் விட்டுவைக்கலையாமே?

— 'வெள்ளோட்டத்துல ஒருத்தர் சிரிச்சாலும் குரலையும் மாத்துவேன், ஒலிப்பதிவுக்கும் வேற ஆள் பாப்பேன்'னாரு. கடைசி வரிசையில காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்காரு.

— அட பாவமே. என்னால உன் பொழப்புலயும் மண்ணா?

— உஷ். பாலம் வந்துருச்சு. ஊர்ச்சனங்க வண்டியெல்லாம் தாண்டுது. இவன் ஒத்தையா நின்னு பதினோரு பேரைத் தடுக்கிறான்.

— அந்தக் கனைப்பு நல்லா வந்திருக்கு.

— அதுவும் நீங்கதான்.

— தெரிஞ்சுதானே சொல்றேன்.

— விழுந்துட்டான். கூட்டாளி ஓடிவந்து மடியில சாய்ச்சுக்கிறான். இப்ப வரும்.

— நான் காதைப் பொத்திக்கிறேன். நீ இடுக்கு வழியாப் பாத்துச் சொல்லு. ம்? சொல்லிட்டேனா?

— சொல்லிட்டீங்க.

— சிரிக்கிறாங்களா?

— இல்ல. ஒரு இருமல் சத்தம்கூட இல்ல.

— தொலைஞ்சேன். சிரிச்சிருந்தாலாவது முழிச்சிருக்காங்கன்னு தெரிஞ்சிருக்கும்.

— கையை எடுங்க. யாரோ ஒரு அம்மா பேசுறாங்க.

— என்னவாம்?

— 'போயிட்டு வாய்யா'ங்கிறாங்க.

— யாரைப் பாத்து?

— செத்தவனைப் பாத்துத்தான். பக்கத்துல ஒரு பெரியவரும் சொல்றாரு. இந்தா, மாடியும் சேந்துக்கிச்சு.

— மொத்தக் கொட்டகையும் கத்துதே தங்கச்சி! இந்த விசிலெல்லாம் யாருக்கு?

— உங்களுக்குத்தான். கடைசி வரிசையைப் பாருங்க.

— முதலாளி ஏன் எந்திரிச்சிட்டாரு?

— கையை ஆட்டி வழியனுப்புறாருண்ணே. மூக்கை வேற சிந்துறாரு.

— அடேயப்பா. இருபது வருஷத்துல எத்தனையோ தடவை செத்திருக்கேன். குதிரையாச் செத்திருக்கேன், அடியாளா அலறிச் செத்திருக்கேன். ஒருத்தர் வழியனுப்பினதில்ல.

— கண்ணைத் தொடைங்க. எல்லாரும் வெளிய வருவாங்க.

— சந்தோஷத்துல வர்ற தண்ணிம்மா, வந்துட்டுப் போகட்டும். நாளைக்கே அந்தக் கரண்டு ஆபீசு வாசல்ல ஒரு மாலை வாங்கி மாட்டப்போறேன். அன்னிக்கு மட்டும் அது போகாம இருந்திருந்தா...

— அண்ணே.

— என்னம்மா?

— அன்னிக்குக் கரண்டு போகவே இல்ல.