ஷெல் அடிக்காத கோட்டை

ரொறன்ரோவில் மேட்டின் மேல் நிற்கும் அந்தப் பழைய கோட்டைக்கு ரிக்கற் எடுக்க வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால், ரொறன்ரோவுக்கு வடக்கே இருக்கும் ஸ்ரௌவ்வில் என்ற சிறு நகரத்துக்காரர் ஒருவர், யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த தன் அத்தானோடு நின்றார்.

“உதெல்லாம் ஒரு கோட்டையோ?” என்றார் அத்தான். “உதுக்குள்ள இருந்து ஒரு ஷெல்லாவது அடிச்சிருப்பாங்களோ?”

“இல்லை அத்தான். ஒரு பணக்காரன் தான் குடியிருக்கிறதுக்கெண்டு கட்டினது. இப்ப உள்ளுக்குக் கலியாணமெல்லாம் நடக்குது.”

“அப்ப வீடெண்டு சொல்லு. பீரங்கி எங்க?”

“பீரங்கி இல்லை. பியானோ இருக்கு.”

“அகழி?”

“பூந்தோட்டம் இருக்கு.”

“த்சூ! யாழ்ப்பாணக் கோட்டையில இருந்து அடிச்ச ஷெல்லிலதான் எங்கட வீட்டுக் கூரை போனது. அது கோட்டை. உது கலியாண மண்டபம்.”

“சரி, சரி. சனம் பாக்குது. ஒரு போட்டோ எடுப்பம்.”

ஸ்ரௌவ்வில்காரர் போனைத் தூக்கினார். அத்தான் கோட்டையைப் பார்த்தபடியே நின்றார்.

“இஞ்சால திரும்புங்கோ அத்தான், முதுகுதான் தெரியுது.”

“முதுகையே எடு. கோட்டைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிண்டவன் ஒருத்தனும் எங்கட ஒழுங்கையில மிஞ்சேல்லை.”