லீவர் பெட்டியில் இருந்த என் மெஷின் ஸ்பிரிங்

என் பெயர், வயது, கடைக்கு மேல்மாடியில் உள்ள வீட்டு விலாசம் ஆகியவற்றை முதல் தாளில் எழுதிக்கொண்டார்கள். தொழில், வண்டிகளுக்கு சீட் தைப்பது. கடைக்கு வருகிறவர்கள் என்னைக் 'குறுக்கு விசாரணை' என்று பட்டப்பெயர் வைத்துச் சொல்வார்கள். யாரையும் லேசில் நம்புகிறவள் அல்ல நான். இன்று போலீஸ் ஆய்வாளர் முன்பாக, எவருடைய வற்புறுத்தலும் இல்லாமல் பின்வருமாறு சொல்கிறேன்.

என் தம்பி குவாட் பந்தயம் ஓட்டுகிறான். குவாட் என்பது நான்கு தடித்த சக்கரம் உள்ள பைக். மண்ணிலும் கல்லிலும் மணிக்கணக்கில் ஓட வேண்டும். அதில் ஆக்சிலேட்டரை முறுக்குவதில்லை, வலது கட்டைவிரலால் ஒரு லீவரை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். பாதிப் பந்தயத்திலேயே தம்பிக்கு முன்கை கல்லாக இறுகி விரல் மரத்துவிடும். அந்த அசதியைக் குறைப்பதுதான் ஒரு வருடமாக எங்கள் வீட்டு வேலை. ஹேண்டில்பாரை உயர்த்தியது, அது உதறாமல் இருக்க டேம்பர் பொருத்தியது, ஷாக் அப்சார்பரை இளக்கியது எல்லாம் மெக்கானிக்கான என் வீட்டுக்காரர். பின்பக்கம் சற்றுத் தூக்கலாக, இரண்டு வகை ஃபோம் வைத்து சீட் தைத்தது நான். கைப்பிடியை இறுக்காதே, முட்டியால் வண்டியைப் பிடி என்று அவனுக்கு ஓதி ஓதி அவருடைய தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம்.

பந்தயத்துக்கு முந்தைய வாரம், தம்பி சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் திணறியதை என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். "மச்சான், இந்தக் கையை வச்சுக்கிட்டு நீ வண்டி ஏறக்கூடாது. அடுத்த பந்தயத்துல பாத்துக்கலாம்" என்றார். அதற்குத் தம்பி, "வேற ஆளை ஏத்தப் போறேன்னு நேரா சொல்லிட்டுப் போங்க மாமா, எதுக்குச் சுத்தி வளைக்கிறீங்க?" என்று கத்தினான். வேறொரு ஓட்டுநர் அவருடைய ஷெட்டுக்கு வந்துபோனது எனக்கும் தெரியும் என்பதால் நான் தம்பி சொன்னதையே நம்பினேன். அதன் பிறகு என் வீட்டுக்காரரைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்து வந்தேன். இரண்டொரு நாளில் தம்பி வலி போய்விட்டது என்று கையை மடக்கி நீட்டிக் காட்டினான், அவரும் அரை மனதாகச் சம்மதித்தார்.

பந்தயத்தன்று காலை அவர் வண்டி முழுவதையும் சோதித்து, லீவரையும் அழுத்திப் பார்த்து, தம்பியிடம் ஒப்படைத்தார். அதன் பிறகு வண்டிகள் புறப்படும் வரிசைக்குப் போயின. பாதிப் பந்தயத்தில், ஒரு வளைவில் தம்பி விரலை எடுத்தும் லீவர் திரும்பாமல் நின்றுவிட்டது. வண்டி அதே வேகத்தில் ஓட்டுநர்களுக்குக் கொடி காட்ட ஓரத்தில் நின்றிருந்த கொடிக்காரர் மேல் ஏறி, அதன் பிறகு கவிழ்ந்தது. கொடிக்காரருக்கு ஒரு கால் போயிற்று. தம்பிக்குக் காறை எலும்பு முறிந்தது.

அதன் பிறகு போலீசார் எங்கள் எதிரிலேயே லீவர் பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே மண் புகுந்திருந்தது. லீவரைத் திருப்பி இழுக்கும் ஸ்பிரிங் இருக்க வேண்டிய இடத்தில் தலைமுடி கனத்துக்கு ஒரு மெல்லிய ஸ்பிரிங் இருந்தது. அழுத்துவதற்குச் சுகமாக இருக்கும், ஆனால் மண்ணை மீறி இழுக்கும் வலு அதற்குக் கிடையாது. ஆய்வாளர் அதை என் வீட்டுக்காரரிடம் காட்டினார். அவர் அதைப் பார்த்தார், ஸ்ட்ரெச்சரில் கிடந்த தம்பியைப் பார்த்தார், பிறகு "நான்தான் சார் போட்டேன். விரல் வலிக்கக் கூடாதுன்னு போட்டேன்" என்றார். அவரை அழைத்துப் போனார்கள். அது தையல் மெஷினில் நூலை விறைப்பாக வைக்கிற ஸ்பிரிங் என்று பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது.

கடைக்கு ஓடிப்போய் என் பழைய மெஷினைப் பார்த்தேன். ஸ்பிரிங் இல்லை. அந்த மெஷினில் சில நாளாகத் தையல் அடியில் வளையம் வளையமாக விழுந்ததற்கு நான் நூல் விற்றவனைத் திட்டிக்கொண்டிருந்தேன். பாவி மனுஷன் என் மெஷினிலேயே கை வைத்து என் தம்பியைக் கொல்லப் பார்த்தாரே என்று அவரைச் சபித்தேன்.

அதன் பிறகுதான் புத்தி வேலை செய்தது. என் வீட்டுக்காரர் என் கடைக்குள் வருவதே இல்லை. சீட் ஒட்டுகிற பசையின் வாடை பட்டால் அவருக்கு மூச்சு விசிலடிக்கும். சாப்பிடக் கூப்பிடுவதென்றாலும் தெருவில் நின்றுதான் கூப்பிடுவார். அந்தச் சண்டைக்கு மறுநாள் நான் நூல் வாங்கப் போனபோது கடையில் இருந்தவன் தம்பி மட்டும். படிப்பை விட்ட காலத்தில் என்னிடம் தையல் பழகியவன், எந்த ஸ்பிரிங் எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டேன். "விரல் வலி நிக்கலக்கா. மாமாகிட்ட சொன்னா ஏத்த மாட்டார். வரிசையில நிக்கும்போது மாத்திட்டேன்" என்றான். கூடவே, "மாமாதான் ஒத்துக்கிட்டாராமே, அப்படியே விட்டுடுக்கா. எனக்குப் பந்தய லைசென்ஸ் போனா ஒண்ணுமே இல்ல" என்றான். "கொடிக்காரருக்குக் கால் போச்சே, அதைக் கேட்டியாடா?" என்றேன். அவன் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அதன் பிறகு நான் ஸ்டேஷனில் என் வீட்டுக்காரரைப் பார்த்து, ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்டேன். "அவன் நீ வளர்த்த புள்ளை. உன்னால தாங்க முடியாது" என்றார். இத்தனை நாள் நான் வேவு பார்த்த மனுஷன் சொன்ன பதில் இது. எனக்கு அழுகை வந்தது, அங்கேயே நின்று அழுதேன்.

அவர் கொடுத்த வாக்குமூலம் பொய். அந்த ஸ்பிரிங் எங்கிருந்து வந்தது என்று என் எதிரிலேயே ஆய்வாளர் அவரைக் கேட்டார். கடையில் வாங்கினேன் என்றார். எந்தக் கடை என்றதற்குத் தலை குனிந்துகொண்டார். என் மெஷினை நானே ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்து ஒப்படைத்திருக்கிறேன். ஸ்பிரிங்கைப் பொருத்திப் பார்த்தார்கள், சரியாக உட்கார்ந்தது.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். ஸ்பிரிங்கை மாற்றியவர் 'வாகன ஓட்டுநர்' என்று எழுதியிருந்தது. அதை அடித்துவிட்டு 'என் தம்பி' என்று எழுதச் சொன்னேன். அப்படியே எழுதினார்கள். மறுபடியும் படிக்கக் கேட்டேன். நான் சொன்னதுதான் இருக்கிறது, கூட்டியோ குறைத்தோ ஒன்றும் இல்லை. அத்தனையும் உண்மை என்று கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
ஓட்டுநரின் அக்கா