புடவைக்குச் சொன்ன எச்சரிக்கை

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் பெரியவர் பூவராகவன் அவர்களே, வணிகர் சங்கத்துச் சான்றோர்களே, தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கும் நெசவாளத் தோழர்களே, பையை மடியிலேயே பத்திரமாக வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் தாய்மார்களே! அனைவருக்கும் வணக்கம்.

பையை ஏன் மடியில் வைத்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

கடைக்கு வந்தவரைக் கள்வரிடமிருந்து காக்கும் கடமை கடைக்காரருக்கு உண்டா?

முசரவாக்கத்து அங்கம்மாள் போன தை மாதம் மகளுக்கு முகூர்த்தப் புடவை எடுக்க நம் ஊர்ப் பட்டுக்கடை ஒன்றுக்கு வந்தார். கடையின் பெயர் வேண்டாம். வாசலில் நின்ற காவலாளி, "வண்டிய பின்னால வுட்டுட்டு வாம்மா" என்றார். பின்னால் இருந்தது கடைக்குச் சொந்தமான முற்றம். அங்கே பைக்கில் வந்த இருவர் அங்கம்மாளின் சங்கிலியை இழுத்தார்கள். அவர் விழுந்தார், வலது முழங்கை முறிந்தது. மகள் திருமணத்தன்று அட்சதை தூவ அந்தக் கை எழவில்லை.

கடைக்காரர் சொன்ன பதில்? "திருடன் எங்களைக் கேட்டுக்கிட்டா வர்றான்?"

முன்வரிசையில் ஒருவர் கேட்கிறார்: "கடைக்காரன் இன்னா போலீஸாய்யா?" இல்லை ஐயா. சட்டமும் அப்படிச் சொல்லவில்லை. எதிர்பாராமல் வந்த குற்றத்துக்கு அவர் மேல் பழி இல்லை. ஆனால் தன் இடத்தில் ஆபத்து உண்டென்று அறிந்தும் அசட்டையாக இருந்தால்? அறிந்தாரா, அறியவில்லையா? நுகர்வோர் ஆணையத்தில் அங்கம்மாளின் வழக்கு அந்த ஒற்றைக் கேள்வியில் வந்து நின்றது. கடைக்காரர் அறிந்தார் என்று அங்கம்மாள் எப்படி நிரூபிப்பார்?

பிள்ளையார்பாளையத்து நெசவாளர் மயில்வாகனம் சாட்சி சொல்ல வந்தார். பத்தொன்பது ஆண்டுகளாக, நெய்த புடவையை அந்தப் பின்முற்றம் வழியாகவே கடையில் கொண்டுபோய்க் கொடுத்தவர். அங்கம்மாள் வந்த தைக்கு முந்தைய மார்கழியிலேயே கடை மேலாளர் அவரிடம் சொன்னாராம்: "இனிமே பின்னால வராதப்பா. ரெண்டு வாட்டி செயின அறுத்துக்கினு போயிட்டானுங்க. புடவைய புடுங்கினா யாரு பதில் சொல்றது? முன்வாசல்ல வா."

கடையின் வக்கீல் மடக்கினார்: "அந்தக் கடை உம் தறிக்குக் கொடுக்கிற பாவு நூலை வைத்துத்தானே பிழைக்கிறீர்?"

"ஆமாங்க. அதுக்கோசரம் சொன்னத சொல்லலன்னு சொல்லணுமா?"

கைதட்டுங்கள், தட்டுங்கள்! ஆனால் அந்தச் சாட்சியத்தின் பொருளையும் கேளுங்கள். ஆபத்தை அறிந்தார்கள், புடவைக்கு வழியை மாற்றினார்கள். அதை வாங்க வந்த பெண்களை மட்டும் அதே முற்றத்துக்கு அனுப்பினார்கள்! கடை தவறியது என்று ஆணையம் தீர்ப்பளித்தது. 'பொருள்களுக்குக் கடை பொறுப்பல்ல' என்று கடை மாட்டியிருந்த பலகை அங்கே பயன்படவில்லை.

வணிகப் பெருமக்களே, உங்களைக் கோட்டை கட்டச் சொல்லவில்லை. ஒரு விளக்குப் போடுங்கள். ஓர் ஆளை நிறுத்துங்கள். அதுவும் முடியாதா? "அந்தப் பக்கம் போகாதம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். புடவைக்குச் சொன்ன வார்த்தை பெண்ணுக்குச் சொல்லக் கூடாதா?

இன்று அந்த முற்றத்தில் விளக்கு எரிகிறது, காவலாளி நிற்கிறார். மயில்வாகனத்தின் தறியில்தான் பாவு இல்லை. தீர்ப்பு வந்த மறுவாரமே கடை நிறுத்திவிட்டது. இனி ஒரு நெசவாளர் உண்மை பேச வருவாரா என்பது இந்த மண்டபத்தில் இருக்கும் கடைக்காரர்கள் கையில் இருக்கிறது.

அதோ, மயில்வாகனம் மூன்றாம் வரிசையில் இருக்கிறார். ஐயா, நீங்கள் எழ வேண்டாம். ஒருமுறை எழுந்து நின்றுவிட்டீர்கள். இப்போது எழ வேண்டியவர்கள் உங்களுக்குப் பாவு கொடுக்கக் கூடியவர்கள்.

அவர்கள் எழுவதற்கு வழிவிட்டு, பொறுமையாகக் கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி கூறி அமர்கிறேன். வணக்கம்.