கழுவிய உப்புக்கண்டம்

"கழுவிட்டா உப்புக்கண்டமும் வெறும் கறிதான்" என்று முன் இருக்கைக்காரர் சொன்னபோதுதான் நான் காது கொடுத்தேன். கோரிமேட்டில் ஆஸ்பத்திரி முடிந்து பஸ் ஏறிய கணவனும் மனைவியும். அவர் பாதம் வீங்கிச் செருப்புக்குள் அடங்காமல் இருந்தது. அந்த அம்மாள் மடியில் மாத்திரைப் பை.

"உப்பத் தடவி வெயில்ல காய வச்ச கறி. உள்ளாற வரைக்கும் எறங்கியிருக்கும், கழுவினா போவாது. கிட்னி தாங்காதுன்னு டாக்டர் இப்பதான சொன்னாரு."

"வாய்க்கு ஒண்ணுமே இல்லாம கஞ்சிய எப்பிடி எறக்கறது?"

"தவக்காலம் நாப்பது நாளும் அந்தக் கஞ்சியதான குடிச்சீங்க. கறியத் தொடல. கால் வீக்கம் வத்திப்போயி, பூசைக்கு நீங்களே நடந்து வந்தீங்க."

"அது சாமிக்கு."

"ஈஸ்டர் அன்னிக்கே உப்புக்கண்ட டப்பாவத் தொறந்துட்டீங்க."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பஸ் இரண்டு நிறுத்தம் தாண்டியது.

"மிச்சம் இருக்கறத கருவடிக்குப்பத்துல உன் தங்கச்சிக்குக் குடுத்துடு."

"போன வாரமும் இப்பிடித்தான் சொன்னீங்க, குடுத்துட்டேன். நேத்து நீங்க போயி திருப்பி வாங்கியாந்துட்டீங்க. அவ போன் பண்ணிச் சொல்லிட்டா."

அவர் குனிந்து வீங்கிய காலைத் தடவினார்.

"அடுத்த தவக்காலம் வரட்டும். அதோட வுட்டுடறேன்."

அந்த அம்மாள் குரலை உயர்த்தவில்லை. மாத்திரைப் பையின் வாயைச் சுருட்டி மூடினாள்.

"சாமி கேட்டா கறியவே வுட்டுடறீங்க. நான் கேட்டா கழுவித் தரச் சொல்றீங்க."