அத்தான் வென்று வந்த காடு

அத்தான்: ...அப்படியே நான் கைய நீட்டுறேன். யானை என்னப் பாக்குது. நான் யானையப் பாக்குறேன். காடே மூச்ச அடக்கிட்டு நிக்குது... மச்சான், இந்த எடத்துல படம் மாறணும். மாத்து.

தம்பி: மாத்திட்டேன் அத்தான். இதான் அந்தப் படம்.

அத்தான்: இதுல யானையோட பின்பக்கம்ல தெரியுது?

தம்பி: எல்லாப் படத்துலயும் பின்பக்கந்தான் அத்தான். நின்னு போஸ் குடுக்க அதுக்கு எங்க நேரம் இருந்துச்சு?

அக்கா: கொஞ்சம் தள்ளி நின்னு முழங்குங்க. இஸ்திரிப்பெட்டி ஒயரு காலுக்குள்ள கிடக்கு. காட்டுல தப்பிச்சவரு நடுவீட்டுல விழுந்து வச்சா ஊரு சிரிக்கும்.

அத்தான்: ஒத்திகை நடக்குறப்ப குறுக்க பேசாத. நாளைக்குக் காலைல வாக்கிங் போறவங்க நடைமன்றத்துல நாப்பது பேரு முன்னால பேசப் போறேன். நீ சட்டைய மட்டும் தேய்.

அக்கா: தேய்ச்சிட்டுதான் இருக்கேன். பதினாலு பாக்கெட்டு. ஏங்க, சிமெண்ட் குடோன் மேனேஜருக்கு எதுக்கு பதினாலு பாக்கெட்டு?

அத்தான்: அது சட்டையில்ல, பயண அங்கி. நான் டூரிஸ்ட் இல்ல, பயணி. டூரிஸ்ட் பெட்டிய உருட்டுவான். பயணி முதுகுல பை சுமப்பான்.

தம்பி: பைய நான்தானே அத்தான் சுமந்தேன்? ரெண்டையும்.

அத்தான்: நான் பாரத்தச் சொல்லல மச்சான். மனநிலையச் சொல்றேன்.

அக்கா: அந்த மனநிலைதான் என்னக் கழட்டி விட்டுட்டுப் போச்சு. ‘பதினொரு நாளு, முதுகுல பை, பாஷை தெரியாத நாடு, காட்டுல நடை, யானை முகாம்... பொம்பளைங்களுக்கு ஒத்துவராது’ன்னீங்க.

அத்தான்: உன் நல்லதுக்குச் சொன்னேன். அங்க அட்டை இருக்கும்.

அக்கா: ஆஸ்பத்திரி லேபுல இருபத்திரண்டு வருஷமா ஊரு ரத்தத்த எடுக்குறவ நான். அட்டை என்னப் பாத்து வெக்கப்பட்டு வாய மூடிக்கும்.

தம்பி: ஹ... ஹ...

அத்தான்: சிரிக்காத. யானைக்கு முந்தின நாளு படத்தப் போடு. ஆறாம் நாள். ‘பன்னெண்டு மணி நேரம், மனிதக் கால் படாத பாதையில் நடந்தோம்...’

தம்பி: அத்தான், அந்த மனிதக் கால் படாத பாதைல ஒரு செவப்பு வாளி மரத்துல தொங்குச்சே. ஞாபகம் இருக்கா?

அத்தான்: அதுக்கென்ன இப்ப?

தம்பி: மூணு தடவ பாத்தோம்.

அத்தான்: அது வேற வேற வாளி.

தம்பி: மூணுலயும் ஒரே எடத்துல கைப்பிடி ஒடஞ்சிருந்துச்சு அத்தான். வழிகாட்டி உங்க நடையப் பாத்தான், முகாமச் சுத்தியே கூட்டிட்டு வந்துட்டான். மத்தியானம் சமையக்கட்டுல பாத்திரம் கழுவுற சத்தம் கேட்டுச்சு. நீங்க அருவின்னீங்க.

அக்கா: அருவி! அடேயப்பா... நம்ம வீட்டுலயும் தெனம் ரெண்டு வேள அருவி ஓடுது. ஒரு நாளாச்சும் எட்டிப் பாத்திருக்கீங்களா?

அத்தான்: அக்காவும் தம்பியும் சேந்து என்னப் பந்தாடுங்க. ‘அன்று பகலில் காட்டு மக்களின் ஆதி உணவை உண்டேன். புளி, தவிடு, உப்பு சேர்த்துப் பிசைந்த உருண்டை. நாகரிகம் கெடுக்காத சுவை...’ சாப்பிட்டது அடுத்த நாளு. ஏழாம் நாளு. ‘அப்போது புதர் விலகியது. புலி!’

அக்கா: புலியா? புலி எப்ப வந்துச்சு?

தம்பி: போன வாரம் வந்துச்சுக்கா. அதுக்கு முன்னால பாம்பும் அட்டையும் மட்டுந்தான் இருந்துச்சு.

அக்கா: சரி. விளையாட்டெல்லாம் போகட்டும். நான் ஒண்ணு கேக்குறேன், ரெண்டு பேரும் நேரா பதில் சொல்லுங்க. நாளைக்குப் பேச்சு முடிஞ்சதும் தேதி குறிக்கப் போறாங்க. அடுத்த மாசம் பதினெட்டுப் பேர இவரு அதே காட்டுக்குக் கூட்டிட்டுப் போகப் போறாரு. அப்படித்தானே?

அத்தான்: கேட்டாங்க, சம்மதிச்சேன். தலைமைன்னா தானா தேடி வரும்.

அக்கா: தேடி வந்த தலைமைக்கு ஆளு சரியான்னு தெரியணும்ல? பதினெட்டு உசுரு. அதுல முக்காவாசி முட்டி தேஞ்ச கேசு. எக்ஸ்ரேய நானே பாத்திருக்கேன். ஏழாம் நாளு என்னதான் நடந்துச்சு?

அத்தான்: அதான் சொன்னேனே. யானை என் முன்னால மண்டியிட்டுச்சு.

அக்கா: நீ சொல்லுடா.

தம்பி: அது... வந்துக்கா... அத்தான் சொன்னா மாதிரி... கொஞ்சம் முன்ன பின்ன...

அக்கா: எவ்வளவு முன்ன, எவ்வளவு பின்ன?

அத்தான்: என் வார்த்தைல சந்தேகமா? சாட்சி இருக்கு. மச்சான், அந்த ஃப்ளெக்ஸ விரி. நாலடிக்கு நாலடி அடிச்சு வாங்கி வந்திருக்கேன். நல்லாப் பாரு. முகாம் எனக்குக் குடுத்த வீரச் சான்றிதழ்!

அக்கா: என்ன எழுதியிருக்கு?

அத்தான்: அவங்க பாஷைல எழுதியிருக்கு.

அக்கா: அப்ப வீரச் சான்றிதழ்னு எப்படித் தெரியும்?

அத்தான்: கீழ யானையோட கால் ரேகை அச்சு இருக்கு பாரு. பக்கத்துல பாகன் கையெழுத்து. கெளம்புறப்ப ரெண்டு கையாலயும் நீட்டுனான். கண்ணுல தண்ணி.

தம்பி: சிரிச்சு வந்த தண்ணி மாதிரிதான் அத்தான் எனக்குத் தெரிஞ்சுது.

அக்கா: இது சான்றிதழ் இல்ல. யானையோட நாள் புத்தகத்துல ஒரு பக்கம். அந்த முகாம்ல ஒவ்வொரு யானைக்கும் ஒரு புத்தகம் உண்டு. தெனமும் என்ன தின்னுச்சு, எப்பத் தூங்குச்சு, யாரு வந்தா, மனசு எப்படி இருந்துச்சுன்னு பாகன் எழுதி வைப்பான். வந்தவங்களுக்கு அன்னைக்கான பக்கத்த நகலெடுத்துக் குடுக்குறது அவங்க வழக்கம்.

அத்தான்: இ... இதெல்லாம் உனக்கு யாரு சொன்னது?

அக்கா: எங்க லேபுல ஒரு பொண்ணு அந்த நாட்டுல மூணு வருஷம் வேலை பாத்தவ. நீங்க வந்த மறுநாளே படிக்கச் சொல்லி எழுதி வாங்கிட்டேன். மூணு வாரமா என் கைப்பையில கிடக்கு.

தம்பி: அக்கா... அதப் படிக்க வேணாமே...

அக்கா: ஏன்டா உனக்கு வேர்க்குது? ஃபேனுதான் ஓடுதே. கேளுங்க. ‘மூத்தவளின் நாள். காலை, கரும்பு இரண்டு கட்டு. குணம் நன்று. பத்து மணிக்கு விருந்தினர் இருவர். ஒருவர் பருமன், ஒருவர் ஒல்லி.’

அத்தான்: பருமனா? நான் நல்ல வாட்டசாட்டம்.

அக்கா: ‘பருமனானவர் சட்டைப் பைகளில் வாழைப்பழம் ஒளித்து வைத்திருந்தார். மூத்தவள் பழத்தைத் தேடித் துதிக்கையை நீட்டினாள். அவர் அவள் காதருகில் விசில் ஊதினார். அவள் மிரண்டு ஆற்றைக் கடந்து ஓடினாள். முப்பத்தொரு வருடத்தில் அவள் ஓடியது இதுவே முதல் முறை.’

தம்பி: அவ்வளவுதானேக்கா? மடிச்சு வச்சிடு.

அக்கா: புலி எந்த வரில வருதுங்க? நான் தேடித் தேடிப் பாத்துட்டேன்.

அத்தான்: விசில்ங்குறது ஒரு... ஒரு மரியாதைக்கு ஊதுனது.

அக்கா: இன்னும் இருக்கு. ‘விருந்தினர் இருவரையும் மாலை நான்கு மணி வரை காணவில்லை. பிறகு தீனிக் கொட்டகையில் கண்டுபிடித்தோம். உள்ளே தாழ் போட்டிருந்தார்கள். ஒல்லியானவர் பருமனானவரின் தோள்மேல் ஏறி, உத்தரத்தைக் கட்டிக்கொண்டிருந்தார்.’

அத்தான்: பாத்தியா மச்சான்! இப்ப வாயேன். செவப்பு வாளிக்குச் சாட்சி சொன்னவனே, உத்தரத்துக்கும் சொல்லேன்!

தம்பி: அது... உயரத்துல இருந்து நிலைமைய நோட்டம் பாத்தேன்க்கா.

அக்கா: மூக்குக்கண்ணாடிக்கடைல வேலை பாக்குறவன்ல, தூரப்பார்வ பாத்திருப்ப. ‘யானையை வேறு முகாமுக்கு அனுப்பிவிட்டோம் என்று பொய் சொன்ன பிறகே கதவைத் திறந்தார்கள். வயிற்று உப்புசத்துக்குப் பிசைந்து வைத்த மருந்து உருண்டையில் ஒன்பது குறைகிறது.’

தம்பி: மருந்தா? அத்தான்... ஆதி உணவுன்னு சொல்லி எனக்கும் ரெண்டு ஊட்டுனீங்களே! அதான் மறுநாள் முழுக்க ரெண்டு பேரும்...

அத்தான்: வாய மூடு மச்சான்.

தம்பி: வாய மூடலாம் அத்தான். அன்னைக்கு மத்ததையும் மூட முடிஞ்சுதா?

அக்கா: அப்ப ஏழு இவரு, ரெண்டு நீ. யானைக்குப் பிசைஞ்சத ஏழு தின்னுட்டு ‘நாகரிகம் கெடுக்காத சுவை’! கடைசி வரியக் கேளுங்க. ‘மூத்தவளுக்கு இரண்டு நாள் ஓய்வு. யாரையும் அருகில் விடவேண்டாம். பாவம், நல்லவள்.’ இதத்தான் நாலடிக்கு அடிச்சு மேடைல மாட்டப் போறீங்களா?

அத்தான்: ...சுருட்டு மச்சான். சுருட்டி வை.

அக்கா: ஏன் சுருட்டணும்? நாப்பது பேருல ஒருத்தருக்கு அந்தப் பாஷை தெரியாமயா போயிடும்? சரி, அது போகட்டும். இப்ப சொல்லுங்க. இந்த லட்சணத்துல பதினெட்டுப் பேருக்கு நீங்க தலைவரா?

அத்தான்: அந்த... அந்த ஒரு நாள வச்சு மொத்தப் பயணத்த எட போடக் கூடாது.

அக்கா: மத்த பத்து நாள்ல என்ன பண்ணீங்க?

தம்பி: நாலு நாளு ஓட்டல் ரூம்ல படுத்திருந்தாருக்கா. கால்ல கொப்புளம். புது பூட்ஸு.

அத்தான்: துரோகி. உன் டிக்கெட்டு யாரு எடுத்தது?

தம்பி: உங்க பைய யாரு தூக்குனது?

அக்கா: போதும். நாளைக்கு மேடைல ஏறி ‘தலைமை எனக்கு வேணாம், வேற ஆளப் பாருங்க’ன்னு சொல்லிடுங்க. நான் யாருகிட்டயும் இந்தக் காகிதத்தக் காட்ட மாட்டேன்.

அத்தான்: சொல்ல முடியாது.

அக்கா: இவ்வளவு கேட்ட பெறகுமா? வீம்பா?

அத்தான்: வீம்பு இல்ல... ஏய், கதவச் சாத்து மச்சான்... வீம்பு இல்ல. பயம்.

தம்பி: என்ன அத்தான் சொல்றீங்க?

அத்தான்: வந்த அன்னைக்கு மன்றத்துல ஒரு வேகத்துல, ‘அடுத்த தடவ உங்களையெல்லாம் நானே கூட்டிட்டுப் போறேன்’னு சொல்லித் தொலச்சிட்டேன். வீட்டுக்கு வந்து படுத்தா கண்ண மூட முடியல. அந்தத் துதிக்கை... பாக்கெட்டு பாக்கெட்டா மோந்து பாத்துட்டு வருது. மறுபடி அந்தப் பக்கம் கால் வச்சா நான் திரும்ப மாட்டேன். வாய்விட்டு அதச் சொல்ல முடியுமா? குடோன்ல சொன்னா லாரி டிரைவருகூட மதிக்க மாட்டான்.

அக்கா: அதுக்கு?

அத்தான்: அதுக்குத்தான் மன்றத்துல சொல்ற கதையில பாம்ப விட்டேன். பயந்து தானா விலகிடுவாங்கன்னு பாத்தா, லிஸ்ட்டு அஞ்சுல இருந்து ஒம்பது ஆச்சு.

தம்பி: ஆங்?

அத்தான்: தூங்குறப்ப மூக்குல அட்டை நுழையும்னேன். பதிமூணு ஆச்சு. கடைசியா புலியவே எறக்கிட்டேன். பதினெட்டு! அதுல ஒருத்தருக்கு பைபாஸ் ஆனது போன வருஷம்.

தம்பி: அட அத்தான்! நான் நீங்க பீலா விடுறீங்கன்னு நெனச்சேன். ஆள வெரட்டவா இவ்வளவு மெனக்கெட்டீங்க?

அத்தான்: மூணு வாரமாப் பாடுபடுறேன். எவனோ பின்னால இருந்து ஆளு சேக்குறான். மன்றத் தலைவரு லிஸ்ட்டக் கண்ணுலயே காட்ட மாட்டேங்குறாரு... இந்தா, நீதான் என்னக் காப்பாத்தணும்.

அக்கா: நானா? எப்படி?

அத்தான்: நாளைக்கு நான் பேசி முடிக்கிறப்ப எந்திரிச்சு, ‘என் புருஷன அந்தக் காட்டுக்கு மறுபடி அனுப்ப மாட்டேன்’னு கண்ணக் கசக்கு. நான் ‘விடு, கடமை கூப்பிடுது’ன்னு ரெண்டு தடவ முண்டுறேன். மூணாவது தடவ தலையத் தொங்கப் போட்டுட்டு எறங்கிடுறேன். வீரன், பொண்டாட்டி கண்ணீருக்குக் கட்டுப்பட்டான்னு பேராவது மிஞ்சும்.

தம்பி: அதுக்கும் ஒத்திகை பாத்துடலாமா அத்தான்? அழுவுற எடத்துல படம் மாத்தணுமா?

அத்தான்: நீ சும்மா இருடா... என்னம்மா, அழுவியா? ரெண்டு சொட்டு போதும்.

அக்கா: ரெண்டு சொட்டுக்கு வழியில்லீங்க. லிஸ்ட்டுல மொதப் பேரே என்னுது, லீவுக்கும் சொல்லி வச்சாச்சு. மீதிப் பதினேழையும் சேத்தது எவனோ இல்ல, நான்தான். நீங்க பாம்பு, அட்டை, புலின்னு பயங்காட்டி முடிச்ச ஒவ்வொரு வாரமும், பின்னாலயே போய் அவங்ககிட்ட ஒரே ஒரு வார்த்ததான் சொன்னேன்... ‘எங்க வீட்டுக்காரரு பல்லி விழுந்தா கட்டில் மேல ஏறி நிப்பாரு. அவரே போயிட்டு ஒரு கீறல் இல்லாம வந்திருக்காருன்னா, அந்தக் காட்டுல கைக்கொழந்தையத் தனியா வெளயாட விடலாம்’னேன். நீங்க வீட்டுக்கு வந்து சேர்றதுக்குள்ள பேனா வாங்கிப் பேரு எழுதிட்டாங்க.