அஞ்சாம் ரூம் இங்கிலீஷ்

— ஏய், துடைக்காத! போர்டுல இருந்து கையை எடு!

— அக்கா, பசங்க வர்ற நேரமாச்சு. இன்னும் ரெண்டு ரூம் கூட்டணும், கக்கூஸ் கழுவணும்.

— கக்கூஸ் எங்கயும் ஓடிராது. நேத்து வாத்தியார் எழுதினதைப் படிச்சுச் சொல்லிட்டு அப்புறம் துடை. அஞ்சாம் ரூம் போர்டைப் படிக்காம விட்டா அன்னிக்கு எனக்குச் சோறு இறங்காது.

— ஆயிரக்கணக்குல ஃபீஸ் கட்டி இந்த இங்கிலீஷ் கோச்சிங் சென்டருக்கு வந்து உக்கார்ற பசங்களே இதைப் பாத்தாக் கொட்டாவி விடுதுங்க. உங்களுக்கு இந்த வயசுல என்னக்கா இங்கிலீஷ் பைத்தியம்? வெளிநாடு போகப் பரீட்சையா எழுதப் போறீங்க?

— எனக்குப் பரீட்சை வீட்டுல நடக்குது. மகனும் மருமகளும் சோத்துத் தட்டு முன்னாடி உக்காந்து என்னைப் பத்தியே பேசுதுங்க, அதுவும் இங்கிலீஷ்ல. கம், கோ, வாட்டர்னு பேசினா நானே புடிச்சிருவேன். படிச்ச எழவுங்க, பேசுறதெல்லாம் பெரிய கிளாஸ் நடக்குற இந்த அஞ்சாம் ரூம் இங்கிலீஷ்.

— என்னடா பேசுறீங்கன்னு நேரா கேட்டுற வேண்டியதுதானே?

— கேட்டேனே. ஆபீஸ் விஷயம்மான்னான். ஆபீஸ் விஷயத்தை எதுக்கு என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே பேசணும்? என்னை எங்கயோ தள்ளிவிடத்தான் பேச்சு நடக்குது, கேட்டியா. டேபிள்மேல ஒரு நோட்டீஸ் கிடந்துச்சு. வெள்ளைமுடிக் கும்பல் வரிசையா உக்காந்து பல்லைக் காட்டுது. பாதிப் பேருக்குப் பல்லே இல்ல, அதுல என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கு?

— முதியோர் இல்லமா? மருமகளா தள்ளப் பாக்குறா?

— வேற யாரு? என் மகன் குரல் உசத்த மாட்டான், பஞ்சு மாதிரிப் பேசுவான். அவளுக்கு இருக்கிறது தொண்டையா? லாரி ஹாரன். நேத்து ராத்திரி தட்டைத் தள்ளிவிட்டுட்டுக் கத்துறா. அதான் இன்னிக்கு மத்தியானம் அவளுக்குத் தெரியாம ஒரு காரியம் பண்ணப் போறேன்.

— என்ன, சோத்துல பேதி மாத்திரையா?

— வாயைக் கழுவு. வீட்டை மகன் பேருக்கு எழுதிக் குடுக்கப் போறேன். ஏற்பாடெல்லாம் அவன்தான். ‘உன் பேருல இருந்தா அவ உன்னைப் பாடாப்படுத்துவாம்மா, என் பேருக்கு மாத்திட்டா நான் பாத்துக்குறேன்’னு சொன்னான். சொல்றப்ப என் காலைக்கூடப் புடிச்சு விட்டான்.

— எந்த வீட்டை? ஊரான் வீட்டுத் தரையெல்லாம் தேச்சுக் கட்டினீங்களே, அந்த வீட்டையா?

— அதேதான். முட்டி போச்சு, வீடு நின்னுச்சு. அதையும் ஒருத்தி புடுங்கிட்டு என்னை அந்தப் பல்லில்லாக் கும்பல்ல சேத்துவிட நான் என்ன இளிச்சவாய்ச்சியா?

— சரி, நேத்து அவ கத்தினதுல என்ன வார்த்தை புடிச்சீங்க?

— காலஸ். மறந்துரக் கூடாதுன்னு வழியெல்லாம் மந்திரம் மாதிரிச் சொல்லிக்கிட்டே வந்தேன். பஸ்ல பக்கத்துல இருந்தவன் பயந்து எந்திரிச்சுப் போயிட்டான்.

— அது போன வாரமே இந்தப் போர்டுல இருந்துச்சே. கல்நெஞ்சு. அடுத்தவன் வலி உறைக்காத ஜென்மம்.

— பாத்தியா! அவளுக்குக் காய்ச்சல் வந்தப்ப விடிய விடிய நெத்தியில ஈரத்துணி போட்ட நான் கல்நெஞ்சாம்!

— வேற?

— ஷேம்லெஸ்.

— வெக்கங்கெட்ட. இதுக்கெல்லாம் அஞ்சாம் ரூம் தேவையில்லக்கா, மூணாம் ரூமே போதும்.

— எந்த ரூமா இருந்தா என்ன, திட்டு திட்டுதானே.

— இதைச் சொல்றப்ப அவ யாரைப் பாத்துச் சொன்னா?

— நான் என் தட்டைப் பாத்துக்கிட்டிருந்தேன். ஒண்ணும் புரியாத மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவளை எதுக்கு அண்ணாந்து பாக்கணும்? நடுவுல ‘மதர், மதர்’னு காதுல விழுந்துச்சு, பத்தாதா?

— அப்ப உங்க மகன் என்ன பண்ணினாரு?

— பாவம், அவன் எனக்காகப் பரிஞ்சு பேசுறான். அவனும் மதர்ங்கிறான், ஆனா என்ன ஒரு பதவிசு! எனக்குன்னே ஒரு வார்த்தை வெச்சிருக்கான், தினம் ஒரு தடவையாவது சொல்லிருவான். லயபிலிட்டி. ‘மதர் இஸ் லயபிலிட்டி’ம்பான். டீக்கடைக்காரன்கிட்டகூடப் பெருமையாச் சொல்லிட்டேன், நான் என் மகனுக்கு லயபிலிட்டிப்பான்னு. அவன் காசு வாங்காமயே டீ குடுத்தான். என்னடி, வாயைப் பொளந்துட்டு நிக்கிற?

— அக்கா, அந்த ஸ்டூல்ல கொஞ்சம் உக்காருங்க.

— உக்காந்தா எந்திரிக்க இன்னொரு ஆள் வேணும். நின்னுக்கிட்டே கேக்குறேன், சொல்லு.

— போர்டுல மேல இருந்து மூணாவது வரி. அது நீங்க சொன்ன வார்த்தைதான்.

— அட! நம்ம புள்ள வார்த்தை போர்டுலயே ஏறிருச்சா! மீனிங்கைப் படி, சத்தமாப் படி.

— துடைச்சிரட்டுமா?

— கையை ஒடிச்சிருவேன். பன்னெண்டாவது வரைக்கும் இங்கிலீஷ் மீடியம் படிச்சவதானே, படி.

— சுமைன்னு போட்டிருக்கு. வெச்சிருந்தா நஷ்டம். எவ்வளவு சீக்கிரம் கழிச்சுக் கட்டுறோமோ அவ்வளவு லாபம்.

— இது வேற லயபிலிட்டியா இருக்கும்.

— வேற ஒண்ணு இல்லக்கா.

— அவன் அவ்வளவு மெதுவா சொன்னானே.

— பிக்பாக்கெட் அடிக்கிறவன் சத்தம் போட்டுட்டா அடிப்பான்?

— அப்ப அவ… கல்நெஞ்சு, வெக்கங்கெட்டதுன்னு அவ கத்தினதெல்லாம்?

— யாருக்கு விழுந்த திட்டுன்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க.

— எழவு. இத்தனை நாளா நான் விட்ட சாபமெல்லாம் விலாசம் தப்பிப் போயிருக்கு. எல்லாருக்கும் துணி துவைச்சுட்டு அவ துணியை மட்டும் ஒதுக்கிப் போடுவேன்டி. ஒரு நாளாவது ஏன்னு கேட்டிருப்பாளா? எடுத்துட்டுப் போய்த் துவைச்சுக்குவா.

— அழாதீங்கக்கா. இப்பதான் மாப் போட்டேன்.

— யாருடி அழுதா? பினாயில் நெடி. போனை எடு. என் கை ஈரமா இருக்கு, நீயே போட்டு என் காதுல வை.

— மகனுக்கா?

— அவன் கிடக்கான். மருமகளுக்குப் போடு.

— ரிங் போகுது. பேசுங்க.

— அம்மாடி, நான்தான். இல்ல, விழல. மயக்கமும் இல்ல, நல்லாத்தான் இருக்கேன். மத்தியானம் லீவு சொல்லிட்டு வீட்டுக்கு வந்துரு. வீட்டுப் பத்திரத்தை உன் பேங்க் லாக்கர்ல வெச்சுப் பூட்டணும். உன் புருஷன் வர்றதுக்குள்ள. ஏன்னா… எல்லாம் தெரிஞ்சுபோச்சு, விடு. ஹலோ? ஏன் குசுகுசுங்கிற? பஸ்ல இருக்கியா? இருந்தா என்ன, கத்திப் பேசு தாயி. மெதுவாப் பேசுற குரலைக் கேட்டாத்தான் இனிமே எனக்குப் பயமா இருக்கு.