பழைய உயரம்

— விரல்ல சுத்தின டேப்பை ஏன்க்கா இன்னும் பிரிக்கலை? எல்லாரும் குளிச்சிட்டுக் கிளம்பியாச்சு.

— பிரிச்சா எல்லாம் முடிஞ்ச மாதிரி ஆயிடும்டி. நாளையிலேருந்து இந்த ரூமுக்குள்ள எனக்கு என்ன வேலை? நீ உன் அலமாரியைக் காலி பண்ணுடி, நெட்டை ஏணி. நான் மெதுவா பிரிச்சுக்கறேன்.

— இதைப் பாரேன்! நம்ம முதல் வாலிபால் கோப்பை ஜெயிச்ச அன்னிக்கு நான் போட்டிருந்த முழங்கால் பட்டை.

— தூக்கிப் போடு, நாத்தம் தாங்கலை. அன்னிக்கு என்ன கத்து கத்தினே!

— "அக்கா, இன்னும் மேல!"ன்னு கத்தினேன். நீ முதுகுக்குப் பின்னாடி ரெண்டு விரலைக் காட்டிட்டு, முன்னாடி பார்த்துக்கிட்டே பந்தைப் பின்னாடி எனக்குத் தூக்கிக் குடுத்தே. அந்தப் பக்கம் தடுக்க நின்ன மூணு பேரும் ஏமாந்து நடுவுல குதிச்சாளுங்க. சத்தியமா சொல்றேன், எனக்கு எதிர்ல ஒரு ஈ கூட இல்ல.

— நீ அடிச்ச அடியில பந்து தரையில பட்டு கூரை விளக்கு வரைக்கும் எழும்பிச்சு. அந்த சந்தோஷம் அப்புறம் எந்தக் கோப்பையிலயும் வரலைடி எனக்கு.

— எனக்கு இன்னும் வருதுக்கா. அதான் நாளைக்குக் காலையில, என்னைக் கூப்பிட்ட அந்தப் புது கிளப்புக்குப் போய்க் கையெழுத்துப் போடறேன். இன்னும் ரெண்டு வருஷம் ஆடலாம். என்ன, மூஞ்சி மாறுது?

— போடாதே.

— நீ ஆட்டத்தை நிறுத்தினா நானும் மூட்டை கட்டணுமா?

— பொறாமைன்னு நினைச்சா நினைச்சுக்கோ. அங்க பந்து தூக்கிக் குடுக்கிறவ சின்னப் பொண்ணு. வானத்துக்குத் தூக்குவா. உனக்கு எட்டாது.

— எட்டாதா? இன்னிக்குக் கடைசிப் பாயின்ட்டை அடிச்சது யாரு, பக்கத்து வீட்டுக்காரியா?

— நீதான். எட்டுற இடத்துல வச்சது யாரு? கேளு, ஏணி. நாலு வருஷம் முன்னாடி முழங்கால் ஆபரேஷன் முடிஞ்சு வந்து முதல் நாள் குதிச்சே. இறங்கறப்போ நீ வலியில மூஞ்சியைச் சுளிச்சதைப் பார்த்தேன். அன்னியிலேருந்து பந்தைக் கொஞ்சம் கொஞ்சமா இறக்கிட்டேன். இன்னிக்கு ஒரு சாண் கீழ. நீயும் கூடவே இறங்கிட்டே, உனக்கே தெரியாம. ஒரு தடவையாவது "இன்னும் மேல"ன்னு கேட்டியா? கேக்கலை. வேற கைக்குப் போனா முதல் ஆட்டத்துலயே மானம் போயிடும். உன்னைப் பார்த்து எவளும் சிரிக்கக் கூடாதுடி. என்னால தாங்க முடியாது.

— வேணும்னேதான் இறக்கினியா?

— வேணும்னேதான்.

— அப்போ ஆட்டம் முடிஞ்சு தினமும் தோள்ல ஐஸ் வச்சுக்கிட்டு உக்காந்தது?

— யார்தான் வைக்கலை? என் தோளுக்கென்ன, கல்லு மாதிரி இருக்கு. எதுக்குடி சம்பந்தமில்லாம கேக்கறே?

— எந்திரி.

— எங்க?

— உள்ள, கிரவுண்டுக்கு. வலை இன்னும் கழட்டலை. பழைய உயரத்துல ஒண்ணே ஒண்ணு தூக்கு.

— கால் போயிடும் கழுதை!

— கால் சரியாயிடுச்சுன்னு டாக்டர் அப்பவே சொல்லிட்டார். அன்னிக்கு நான் மூஞ்சியைச் சுளிச்சது பயத்துல. வாயேன்க்கா.

— கையைப் பிடிச்சு இழுக்காதே, வரேன்... பாரு, விளக்குல பாதியை அணைச்சுட்டாங்க. பந்து கண்ணுக்குத் தெரியுமா?

— தெரியும். நீ தூக்கு.

— கீழ விழுந்தா என் மேல பழி போடாதே. ஓடி வா... இந்தா!

— தள்ளிக்கோ!

— அடிப்பாவி! முழங்கையே வலைக்கு மேல போகுதேடி! பந்து அந்தக் கோடி சுவர் வரைக்கும் போய் மோதுது! இந்தக் குதியை நாலு வருஷமா எங்க ஒளிச்சு வச்சிருந்தே?

— பந்து இறங்க ஆரம்பிச்சதும் உன் தோள் போயிடுச்சுன்னு நினைச்சேன்க்கா. நான் முழுசாக் குதிச்சா உன் பந்து தாழ்வா வர்றது கோச் கண்ணுல பட்டு, உன்னை வெளிய உக்கார வச்சிடுவாரேன்னு, நானும் உன்கூடவே இறங்கிட்டேன்.